ரெஜினாவின் டிரங்க் கால் இங்கிலீஷ்

கள்ளக்குறிச்சியில் ரெஜினாவின் குரலைக் கேட்காத வியாபாரி கிடையாது. அவள் முகத்தைப் பார்த்தவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம். மண்டிக்காரர் சேலத்துக்குப் பேச வேண்டுமானாலும், டாக்டர் மெட்ராஸுக்குப் பேச வேண்டுமானாலும், டெலிபோன் ஆபீஸில் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து காதில் ஹெட்செட்டை மாட்டியிருக்கும் ரெஜினாதான் வயரைச் சொருகி லைன் கொடுக்க வேண்டும். "த்ரீ மினிட்ஸ் ஓவர் ப்ளீஸ்" என்று அவள் சொன்னால் பாதிப் பேச்சில் இருப்பவர்கள்கூட மரியாதையாக முடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல்.

அவளுக்கு வயது இருபத்தைந்து. சொந்த ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில். அப்பா அந்தோணிதாஸ் கரும்பு வெட்டுக்குப் போகிறவர், அம்மா உபகாரமேரி நடவுக்கும் களைக்கும் போகிறவள். ரெஜினா பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆபரேட்டர் வேலைக்கு எழுதி, கிடைத்ததும் கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். தபால் வழியாக பி.காமும் முடித்தாள். இதோடு நின்றிருந்தால் அவள் கதையைச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நிற்கவிடாமல் செய்தது ஒரு சாக்குப் பை. ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆலையின் கொள்முதல் அதிகாரி வாரம் ஒருமுறை பம்பாய்க்குப் பேசுவார். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர் நடுவில் ஒரு விநாடி காது கொடுப்பது வழக்கம். அவருடைய இங்கிலீஷ் மழை கொட்டுவது மாதிரி இருக்கும். இந்த மனிதர் அப்படி என்னதான் பேசுகிறார் என்று ரெஜினாவுக்கு ஒரே வியப்பு. ஒரு நாள்தான் புரிந்தது. சாக்குப் பை தைத்த நூல் பிரிந்து வருகிறது, வேறு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எம்.பி.ஏ. படித்தவர் என்று மண்டிக்காரர் ஒருவர் பின்னால் சொன்னார்.

'சாக்கு மாத்திக் கேக்கறதுக்குத்தானா இவ்ளோ? இத நான் கேக்க மாட்டேனா?' என்று நினைத்தாள். அந்த மாதமே நுழைவுத்தேர்வுக்கான விவரங்களை எழுதிக் கேட்டுவிட்டாள்.

மாதிரி வினாத்தாள் வந்தது. கணக்குப் பகுதியை ஒரு மூச்சில் போட்டாள். இங்கிலீஷ் பகுதிக்கு வந்ததும் மூச்சு நின்றது. ஒரு பக்க நீளத்துக்கு ஒரு பத்தி; திமிங்கலத்தைப் பற்றியோ எதைப் பற்றியோ. அதைப் படித்து எட்டுக் கேள்விக்குப் பதில். பிறகு ஐம்பது சொற்களுக்கு அதே பொருள் தரும் சொல், ஐம்பதுக்கு எதிர்ச்சொல். பிழை திருத்துதல் வேறு. ஆறு வருஷமாக வாயில் இங்கிலீஷ் புழங்கியும் தன்னிடம் மொத்தம் பதினாறு வாக்கியம்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "பார்ட்டி இஸ் நாட் ரிப்ளையிங்", "லைன் இஸ் என்கேஜ்ட்" என்ற வகை. திமிங்கலத்துக்கு அவற்றில் ஒன்றும் உதவாது.

பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கினாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி போடுவாள். 'தி' எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பது பிடிபடவே இல்லை. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கைக்கு வந்தபடி தூவிவைத்தாள். 'சின்ஸ்' போடுவதா 'ஃபார்' போடுவதா என்பது இன்னொரு தலைவலி. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று கையகல நோட்டில் எழுதி ஆபீஸுக்குக் கொண்டுவருவாள். கால் இல்லாத நேரத்தில் முணுமுணுப்பாள்.

ஒரு மத்தியானம் அப்படித்தான் "ரிலக்டன்ட்... ரிலக்டன்ட்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் லைனின் ஸ்விட்ச் போட்டபடியே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

"அன்வில்லிங்" என்றது ஹெட்செட்டுக்குள் ஒரு பெண் குரல்.

ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருங்க?"

"விழுப்புரங்க. ரிலக்டன்ட்னா அன்வில்லிங். இஷ்டமில்லாம இருக்கறது. பி.காம். பரீட்சையா, வேற ஏதாவதா?"

"எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ்ங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்து வந்தது. "நானுந்தாங்க அதே எழுதப் போறேன். யார்கிட்டயும் சொல்லிக்கல. சொன்னா சிரிப்பாங்க."

"நான் சிரிக்கலீங்களே" என்ற ரெஜினா, சொன்ன கையோடு சிரித்துவிட்டாள். அந்தப் பக்கமும் சிரித்தது.

அவள் பெயர் விஜயலட்சுமி. எலவனாசூர்கோட்டையில் நிலம் நீச்சோடு இருக்கிற குடும்பம். விழுப்புரத்தில் விடுதியில் தங்கி ஆபரேட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றையிலிருந்து இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மணிக்கு ஒருமுறை லைனைச் சோதிக்க "ஹலோ டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன் டூ த்ரீக்குப் பதிலாக ஒரு சொல்லைச் சொன்னாலும் லைன் கேட்கத்தானே போகிறது? அங்கிருந்து ஒரு சொல் வரும். இங்கிருந்து பொருள் போகும். அடுத்த மணிக்கு இவள் முறை. பணி நேரத்தில் ஒரு விநாடிகூடக் கூடுதலாக எடுக்கவில்லை.

"ஹலோ டெஸ்டிங். அபண்டன்ட்."

"ப்ளென்ட்டிஃபுல். ஓகே விழுப்புரம், லைன் கிளியர்."

ஒரு மாதத்தில் 'ங்க' போய்விட்டது. இரண்டாவது மாதத்தில் 'டீ' வந்துவிட்டது. முகம் தெரியாத அந்தத் தோழிக்கு ரெஜினா தானாகவே ஓர் உருவம் செய்துவைத்திருந்தாள்: நல்ல உயரம், ஒல்லி, மூக்குக் கண்ணாடி.

அவர்களுடைய ஒரே பயம் சூப்பர்வைசர் ஆதிமூலம். எந்நேரமும் பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்து, எந்த லைனையும் ஒட்டுக் கேட்கக்கூடிய கருவியோடு முறைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ரெஜினாவைக் கூப்பிட்டார். அவள் எழுந்து போய் நின்றாள்.

"பத்து மணி டெஸ்டிங்ல 'ஆம்பிகுவஸ்'னு ஒண்ணு வந்துச்சே" என்றார்.

"சார்... அது வந்துங்க சார்..."

"அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா அர்த்தம் சொல்லிச்சு? இரைச்சல்ல சரியா விழல."

பழைய டிரங்க் கால் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஆதிமூலம் மூன்று மாதமாக எல்லாச் சொற்களையும் எழுதிவைத்திருந்தார். "சும்மா கேட்டுக்கினு இருந்தேன். நல்லாதான் இருக்குது" என்றார், யாரோ திட்டிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை, விஜயலட்சுமியின் சாதிக்காரர்கள் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். ஆனாலும் இவ்வளவு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை. மாற்றி உட்கார வேண்டிய ஆபரேட்டர்கள் ஊரிலிருந்து வர முடியவில்லை. பலகைக்கு முன்னால் ரெஜினாவும், வேறு வழியின்றி ஹெட்செட் மாட்டிக்கொண்ட ஆதிமூலமும் மட்டும்தான்.

ஊரே போனுக்கு வந்துவிட்டது. "பண்ருட்டி போன எங்க மாமா எங்க நின்னுக்கினு இருக்காருனு கேளும்மா." "கல்யாணத்த தள்ளி வெச்சாச்சுனு சொல்லணும்." வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர், மறியலில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தன் அக்கா மகன் போய்விட்டான் என்று சொல்வதற்கு லைன் கேட்டார். இணைத்துவிட்டு ரெஜினா ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிஷம் தாண்டியும் அவள் ஓவர் என்று சொல்லவில்லை. ஏன் என்று ஆதிமூலமும் கேட்கவில்லை.

விஜயலட்சுமி விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டாள். "எங்க அண்ணன் சுபாஷ்தான்டீ எங்க ஊர்ப் பக்கத்துல மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்குதாம்" என்றாள். "எதுக்குன்னா உனக்கு மேல்படிப்புக்கு சீட்டு வாங்கித் தரத்தான்னு சொல்லுது. அந்த மரத்தாலதான் நான் வூட்டுக்கே போவ முடில. துவைக்க சோப்புகூட இல்ல இங்க."

சனிக்கிழமை காலையில் ஒரு மரம் கம்பிகளின் மேல் சாய்ந்து விழுப்புரம் லைன் செத்துப்போனது. அன்றைக்குப் பார்த்துத்தான் ஹல்தார் வந்து சேர்ந்தார்.

கல்கத்தாக்காரர், வயது முப்பது இருக்கும். கல்வராயன் மலையில் பாறைகளைப் பற்றி ஆராய வந்தவர். வெள்ளிமலைக்கு பஸ் வராமல் போகவே, மலைக்காரர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கச்சிராயபாளையம் வரை இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கும் நடந்தே வந்துவிட்டார். ஒரு தோளில் கல் மூட்டை, இன்னொரு தோளில் மலையில் கொடுத்த சீத்தாப்பழ மூட்டை. மனைவிக்கு இது பிரசவ மாதம். கல்கத்தாவுக்கு ஒரு கால் வேண்டும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

ஆதிமூலம் ரெஜினாவைப் பார்த்தார். "நீ போம்மா. உன்கிட்டதான் சரக்கு இருக்குது."

கவுன்ட்டருக்குப் போகும்போது அவளுக்கு வாய் உலர்ந்துவிட்டது. அவர் வேகமாக என்னவோ கேட்டார். லைன் ஏன் இல்லை, சாலையில் ஏன் மரம், இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. பதினாறு வாக்கியத்தில் இதற்குப் பதில் கிடையாது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, காலை ஐந்து மணிப் பயிற்சியிலிருந்து ஒன்றைக் கட்டி எழுப்பினாள்.

"இட் ஹாஸ் பீன்... கோயிங் ஆன்... சின்ஸ் தர்ஸ்டே."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சின்ஸ்! வியாழக்கிழமையிலிருந்து என்றால் சின்ஸ், மூன்று நாளாக என்றால் ஃபார். வாய் தானாகச் சரியானதை எடுத்துக்கொண்டது. அவளுக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

லைன் வரும் வரை அவர் பெஞ்சிலேயே காத்திருந்தார். நடுநடுவே பேசினார். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று ஒரு பங்கு கேட்கிறார்கள் என்று ரெஜினா விளக்கினாள். நீ அதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டார். அவள் யோசித்து, சொல் சொல்லாக அடுக்கினாள். "என் தோழியின் அண்ணன் மரம் வெட்டுகிறார். அதனால் தோழி வீட்டுக்குப் போக முடியவில்லை. ஆனால் அவளுக்கு அந்த இடம் வேண்டும். வேண்டியதுதான்." ஹல்தார் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இங்கிலீஷில் ஒருவரைச் சிரிக்கவைக்கத் தன்னால் முடியும் என்று ரெஜினா கனவிலும் நினைத்ததில்லை.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு சற்று நேரத்தில் வந்தது. தன் மூட்டையைக் காட்டி ஹல்தார், "ஐ ஆம் ஹேவிங் ஃபார்ட்டி ஸ்டோன்ஸ்" என்றார்.

ரெஜினாவின் காது கூர்மையானது. ஐ ஆம் ஹேவிங்? அது தப்பாயிற்றே. ஐ ஹேவ் என்றுதானே வர வேண்டும்? பயிற்சி இருபத்திரண்டு. அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே ஓடிப்போய் ஆதிமூலத்திடம் சொன்னாள்.

"சார், அவரு தப்பா பேசறாரு சார்!"

"இன்னாது, மரியாதை இல்லாமயா?" என்று ஆதிமூலம் எழுந்துவிட்டார்.

"ஐயோ இல்ல சார். கிராமர் தப்பு சார். இவ்ளோ படிச்சவரு, இவ்ளோ வேகமா பேசறவரு, தப்பு வுட்டுட்டு அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்காரு சார்!"

அந்த ஒரு தப்பு அவளுக்குச் செய்த உதவியை எந்தப் புத்தகமும் செய்யவில்லை. அதன்பின் அவள் கவுன்ட்டருக்குப் போகும்போது வாய் உலரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைன்மேன் வீரமுத்து சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மறியல்காரர்கள் வழியில் நிறுத்தினார்களாம். "உங்க வூட்டுக்குச் சேதி வர்றதும் இதே கம்பிலதான்டா" என்றாராம் அவர். மரத்தைச் சாய்த்தவர்களே ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று வந்து சொன்னார். மாலை நாலு மணிக்குப் பலகையில் விழுப்புரம் லைனின் விளக்கு எரிந்தது.

"ஹலோ டெஸ்டிங். ரெஸ்டோர்" என்றது விஜயலட்சுமியின் குரல்.

"ரிப்பேர். ரென்யூ. பழையபடி ஆக்கறது. அடியே, நல்லா இருக்கியாடீ?" என்று ரெஜினா கத்தியதில், வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஹல்தார் எழுந்துவிட்டார்.

கல்கத்தா உடனே கிடைக்கவில்லை. விஜயலட்சுமி மெட்ராஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்; ரெஜினா சேலம் வழியாக ஒரு கை பார்த்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மெட்ராஸ் வழியாகத்தான் வந்தது. ஹல்தார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வங்காளத்தில் ஏதோ கேட்டார். பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு போட்டார் ஒரு கூச்சல்! பெண் குழந்தை என்று யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆதிமூலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார். சீத்தாப்பழ மூட்டையை மேஜைமேல் கொட்டினார். அன்றைக்கு ஆபீஸ் முழுக்கக் கொட்டைதான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் தேர்வு. ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ரெஜினா தன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ, "சார், குடிக்கத் தண்ணி எங்கங்க சார்?" என்று கேட்டார்கள். ரெஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அபண்டன்ட்" என்றாள் சத்தமாக.

"ப்ளென்ட்டி... அடிப்பாவி!"

உயரமும் இல்லை, ஒல்லியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. குள்ளமாக, குண்டுக் கன்னத்தோடு, இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நீ இன்னாடீ இவ்ளோ உயரம்! நான் உன்ன குட்டையா நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள். காவலுக்கு நின்றவர் வந்து அதட்டும் வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பத்தி தேனீக்களைப் பற்றி வந்திருந்தது. ரெஜினா முதல் தடவை படித்தபோதே புரிந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள். அப்போதும் புரிந்தது. அதற்குப் பிறகு தேர்வு எழுதுகிற நினைப்பே இல்லாமல் எழுதினாள். தேனீ பூவின் திசையை ஆடிக் காட்டுமாம். அந்த விஷயத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நடுவில் நினைத்துக்கொண்டாள்.

மே மாதம் ஒரு காலையில் மணலூர்பேட்டையிலிருந்து கால் வந்தது. ரெஜினா வழக்கம்போல், "நம்பர் ப்ளீஸ்" என்றாள்.

"ரெஜினாவாண்ட பேசணும்" என்றது அந்தக் குரல், பெண்ணையாற்றின் அக்கரைக்குக் கேட்கிற அளவு உரக்க.

"யப்பா! நாந்தாம்ப்பா பேசறேன். இன்னாப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?" அந்தோணிதாஸ் ஆயுளில் போனைத் தொட்டதில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. உனக்குத்தான் ஆயிடுச்சு. லெட்டர் வந்துக்குது. போஸ்ட்மேன் படிச்சிட்டு, உம் பொண்ண சேத்துக்கினாங்கன்றாரு. நெசமானு நாலு பேராண்ட காட்டிக் கேட்டுட்டுதான் பேசறேன். எல்லாரும் அதேதான் சொல்றாங்க."

"யப்பா, அம்மா எங்க?"

"பக்கத்துலதான் நிக்குது. பேச மாட்டேன்னுது. அழுதுக்கினு இருக்குது. சிரிக்கவும் சிரிக்குது. ரெண்டும் ஒண்ணா செஞ்சிக்கினு இருக்குதும்மா, நான் இன்னா பண்ணட்டும்?"

ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஆதிமூலம் வந்து அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மற்ற கால்களைப் பார்த்தார். அவள் ஓரமாக நின்று அப்பாவிடம் பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

விஜயலட்சுமிக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் டெஸ்டிங்கில் ஒன் டூ த்ரீ மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள், "ஹலோ டெஸ்டிங். பெர்சிவியர்" என்றாள். விடாமல் முயல்வது என்று ரெஜினா பொருளை இரண்டு தடவை சொன்னாள். அடுத்த வருஷம் இருபது சதவீத ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அதற்கடுத்த சேர்க்கையில் விஜயலட்சுமியும் அதே படிப்பில் சேர்ந்தாள். தன் மார்க்குக்கே கிடைத்திருக்கும் என்று அவளும், தான் வெட்டிய மரத்தால் கிடைத்தது என்று சுபாஷும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

ஆனால் அது பின்னால். ரெஜினா படிப்பில் சேரப் புறப்பட்ட ஜூன் மாதக் காலையில், அவள் ஏறிய பஸ் எலவனாசூர்கோட்டையில் நின்றபோது, விஜயலட்சுமி ஒரு பெரிய தூக்குப் போணியோடு ஏறினாள். விழுப்புரம் வரைக்கும் கூட வருகிறாளாம். மீசை முறுக்கிய ஒரு மனிதர் ஜன்னலோரம் வந்து நின்று ரெஜினாவுக்குக் கும்பிடு போட்டார்.

"இதான் எங்க அண்ணன்" என்றாள் விஜயலட்சுமி.

"நல்லா படிங்கம்மா" என்றார் சுபாஷ். "வழியில எந்த இடைஞ்சலும் இருக்காது, நான் பாத்துட்டேன்."

கண்டக்டர் முதற்கொண்டு பஸ்ஸே சிரித்தது. விஜயலட்சுமி தூக்குப் போணியைத் திறந்தாள். உள்ளே நெய் மணக்கக் கேசரி. இருவரும் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டார்கள், பஸ் கிளம்பியது.